ஒரே ஒரு சிவப்புப் பட்டன்

திருச்சி ஆஸ்பத்திரியில், குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் என் கணவர் கேட்டது, "சோறு திங்கலாமுங்களா?" என்பதைத்தான். திங்கலாம், நடக்கலாம், கடைக்குப் போகலாம், கழுத்தில் போடும் துளை வழியாக மூச்சு விடலாம் என்றார் டாக்டர். பேச்சுதான் போய்விடும். பிற்பாடு கருவி வைத்துப் பழகிப் பேசுகிறவர்கள் உண்டு, ஆனால் அது இந்தக் குரலாக இருக்காது என்றும் சொன்னார். அடுத்த வியாழக்கிழமை வந்து சேர்ந்துவிடச் சொல்லி அனுப்பிவிட்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது, சிறுவாச்சூர் தாண்டுகையில் இவர் கோயில் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்புறம் பக்கத்து சீட்டுக்காரரிடம், மக்காச்சோளத்துக்குப் புழு மருந்து எப்போது அடிக்கணும் என்று ஆரம்பித்துவிட்டார். அந்த ஆள் யாரோ, எந்த ஊரோ. இருக்கிற குரலை முன்பின் தெரியாத ஆளுக்கு வாரி இறைக்கிறாரே! முன்சீட்டுக் கம்பியைப் பிடிப்பதும் விடுவதுமாக இருந்தேன். பெரம்பலூர் வருவதற்குள் ஒரு வீடியோ கேமரா வாங்கிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

இவருக்குக் குரும்பலூரில் உரக்கடை. பேசியே வியாபாரம். நான் வீட்டில் ஜாக்கெட் தைக்கிறவள். வாயில் ஊசியோ நூலோ இருந்துகொண்டே இருக்கும். ஆகவே எங்கள் வீட்டில் பேச்சு முழுக்க அவர் பொறுப்பு, 'ம்' கொட்டுவது என் பொறுப்பு. பேசுவதற்கு முன் அவருடைய இடது புருவம் கொஞ்சம் மேலே ஏறும். கிண்டல் வரப்போகிறது என்று அதைப் பார்த்தே தெரிந்துகொள்வேன். குரல் மட்டும் எனக்குப் போதாது, அந்தப் புருவமும் வேண்டும்.

போன் இருக்கிறதே என்பீர்கள். அதில்தான் தகராறு. மகள் கல்யாணமாகி சிங்கப்பூர் போன நாளிலிருந்து, எங்கள் வீட்டில் போனை முகத்துக்கு நேரே தூக்கினால் அந்தப் பக்கம் அவள் இருக்கிறாள் என்று அர்த்தம். நான் எடுத்த வீடியோ எல்லாவற்றிலும் இவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "யாரு, பாப்பாவா? சாப்டியா? நல்லாருக்கியா? இந்தா, அம்மாகிட்ட குடுக்குறேன்" என்று கையை நீட்டிப் போனைப் பிடிப்பார். அடுத்து என் முழங்கையோ கூரையோ தெரியும், அதோடு முடிந்தது. "லைன்ல யாருமில்லீங்க, சும்மா எடுக்குறேன்" என்று சொன்னாலும் நம்பாமல், "கட்டாயிடுச்சா?" என்பார்.

ஆகவே போன் மாதிரி இல்லாத ஒன்று வேண்டும். என் கைப்பையில் நூல்கண்டுகளோடு போட்டுக்கொள்ளும் அளவுக்குச் சின்னதாக, எடுத்தவுடன் ஓடுவதாக, நான் கண்ணாடி போடாமலே அமுக்கத் தோதாக. பெரம்பலூரில் ஏறி இறங்கிய கடைகளிலெல்லாம், "அக்கா, உங்க போனே போதும், இதெல்லாம் இப்ப யாரு வாங்குறா?" என்று அனுப்பினார்கள். ஒருவர் மட்டும், அரியலூரில் கல்யாண வீடியோ எடுக்கிற ஒரு ஸ்டூடியோவில் கேட்டுப் பாருங்கள் என்றார். மறுநாள் காலையில் இவரையும் இழுத்துக்கொண்டு கிளம்பினேன். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. நான் சீட்டிலிருந்து எழுந்து எழுந்து முன்னால் எட்டிப் பார்த்தேன். "கேமரா எங்கயும் ஓடிப்போவாது, ஒக்காரு" என்றார். கேமரா ஓடாது என்று எனக்கும் தெரியும்.

ஸ்டூடியோக்காரர் மூன்று எடுத்து வைத்தார். ஒன்று தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரியது, பைக்கில் போகிற பையன்கள் ஹெல்மெட்டில் மாட்டிக்கொள்வது. தண்ணீரில் விழுந்தாலும் ஒன்றும் ஆகாதாம். உரக்கடையில் எதற்குத் தண்ணீர்? இன்னொன்றுக்கு நீளக் கைப்பிடி, அதன் மேல் உருண்டையாக ஒரு தலை. நாம் நகர்ந்தால் அதுவும் திரும்பிப் பார்த்தது. இவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்து அதற்கு வேடிக்கை காட்டினார். "உன்னை மாதிரியே பாக்குதுடி, நகரவே விட மாட்டேங்குது" என்றார். மூன்றாவது சோப்பு டப்பா அளவுதான். பின்னால் சின்னத் திரை, ஒரே ஒரு சிவப்புப் பட்டன். அமுக்கினால் ஓடும், மறுபடி அமுக்கினால் நிற்கும். இதுவே போதும் என்று நான் பையைத் திறந்துவிட்டேன்.

இவர் விடவில்லை. பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும், கார்டு கூடவே வருமா தனியா, ரிப்பேர் ஆனால் யார் பார்ப்பது, போன வருஷத்துச் சரக்கா இந்த வருஷத்துச் சரக்கா என்று, விதை வாங்க வருகிறவர்கள் தன்னிடம் கேட்பதையெல்லாம் அவரிடம் கேட்டார். குரல் ஏற்கெனவே கரகரத்துப் போயிருந்தது. காய்ந்த சோளத்தட்டையைத் தரையில் இழுக்கிற மாதிரி வந்தது. அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை கேள்வியும். "சட்டுனு வாங்குங்க, போலாம்" என்று இவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். புருவம் ஏறியது. "ஏன், படம் ரிலீஸுக்குத் தேதி குடுத்துட்டியா?" என்றார். ஸ்டூடியோக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்து சார்ஜ் போட்டுவிட்டு, பச்சை விளக்கு எரிகிறவரை அதன் பக்கத்திலேயே நடந்துகொண்டிருந்தேன். தைக்க வேண்டிய துணி மெஷினில் பாதியில் கிடந்தது. விளக்கு எரிந்ததும், "இங்க பாருங்க, எதையாவது பேசுங்க" என்று தூக்கிப் பிடித்தேன். "இரு" என்று உள்ளே போனார். முகம் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டு, விபூதி பூசி, தலை சீவி வந்தார். சுவரோரம் நின்று, இரண்டு கையையும் கூப்பி, லேசாகச் சிரித்தார். அப்படியே நின்றார்.

எங்கள் பக்கம் விசேஷ வீடுகளில் வீடியோக்காரர் லைட்டோடு வந்தால் எல்லாரும் செய்வது அதுதான். பேசிக்கொண்டிருந்த வாய் மூடிக்கொள்ளும், சாப்பிடுகிற கை இலையிலேயே நின்றுவிடும், லைட் அடுத்த ஆளுக்கு நகர்கிறவரை கும்பிட்டபடி இருப்போம். நானும் அப்படி எத்தனையோ கல்யாணத்தில் நின்றிருக்கிறேன். பட்டனை அமுக்கி நிறுத்திவிட்டு, "பேசுங்களேன்" என்று கத்தினேன். உதட்டை அசைக்காமல், "பின்னாடி பாட்டுப் போடுவாங்கல்ல?" என்றார்.

மறுநாள் உரக்கடைக்கே கேமராவைத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே யூரியா மூட்டைக்கு நின்றிருந்த இரண்டு பேரோடு வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். வாசலிலேயே பட்டனை அமுக்கினேன். என் கையைப் பார்த்ததும் மூன்று பேரும் வரிசையாகத் திரும்பிக் கும்பிட்டார்கள். ஒருவர் தோள் துண்டைச் சரிசெய்துகொண்டார். ஒளித்து வைத்து எடுக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. கட்டின மனுஷனைத் திருட்டுத்தனமாக எடுப்பதா என்று கூசியது. தினமும் முயற்சி செய்தேன், தினமும் கும்பிடுதான் விழுந்தது. சாப்பிடும்போது நீட்டினால் சாப்பாடு நின்றது. பேப்பர் படிக்கும்போது நீட்டினால் பேப்பரை மடித்துக் கீழே வைத்தார். எனக்குத் தூக்கம் போய், பசி போய், எதிரே வந்தவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன்.

புதன்கிழமை, பையில் துணி அடுக்கும்போது கடைசியாக ஒரு தடவை நீட்டினேன். அவர் கை மேலே எழும்பியது. கேமராவைக் கட்டிலில் வீசினேன்.

"ஒரு வாரமா என்னைப் பாக்குறப்பல்லாம் அதைத்தான் தூக்கிப் புடிக்கிற" என்றார். "நேரா என் மூஞ்சியைப் பாத்து எத்தினி நாளாச்சு? சத்தந்தானே போவுது, நானா போறேன்?"

"எனக்கு அந்தச் சத்தம் வேணும்" என்று அழுதேன். "நீங்க பக்கத்துல இருக்கிறப்பவே இல்லாம போவுதே, அதை நான் எங்க போயி கேப்பேன்?"

அவர் கேமராவை ஓரமாக நகர்த்தினார். பிறகு கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "பயமா இருக்குடி எனக்கும்" என்றார். அதற்கப்புறம் இருட்டுகிற வரைக்கும் பேசிக்கொண்டிருந்தார். பெண் பார்க்க உடையார்பாளையம் வந்தபோது நான் காபியில் சர்க்கரை போட மறந்தது, அதை அவர் இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தது, கடை வைத்த புதிதில் விதையை மாற்றிக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் ஒளிந்து திரிந்தது. புருவம் ஏறி ஏறி இறங்கியது. கேமரா எனக்குக் கை எட்டும் தூரத்தில் கிடந்தது. எடுத்தால் கும்பிட்டுவிடுவார் என்று நான் அதை எடுக்கவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மகள் வந்து கூட இருந்துவிட்டுத் திரும்பிப் போனாள். இவர் இப்போது கழுத்தில் மெல்லிய துணி கட்டிக்கொண்டு கடையில் உட்காருகிறார். மருந்து டப்பாவைக் கையால் காட்டுகிறார், அளவுக்கு விரலைக் காட்டுகிறார். கருவி வைத்துப் பேசப் பழக அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். சிவப்புப் பட்டன் கேமராவில் இருப்பது எல்லாம் இன்றைக்கு என் எதிரே இருக்கிற ஆள்தான், சிரித்துக்கொண்டு, சத்தமில்லாமல். குரல் வேண்டுமென்றால் பழைய போன் வீடியோக்களுக்குத்தான் போகிறேன். ஒன்று முடிந்து ஒன்று ஓடும். எல்லாம் ஒரே பேச்சு, எல்லாம் 'இந்தா, அம்மாகிட்ட குடுக்குறேன்' என்பதில் வந்து முடிகிறவை.

மகள் ஊர் போய்ச் சேர்ந்ததும் வீடியோ கால் வந்தது. நான் மெஷினில் இருந்தேன், வாயில் ஊசி. இவர்தான் போனை எடுத்தார். கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தார். புருவம் ஏறியது, உதடு அசைந்தது, கழுத்துத் துணி மட்டும் லேசாக விம்மி அடங்கியது. அவள் "அப்பா" என்றாள். இவர் என் பக்கம் திரும்பி, எப்போதும் போலக் கையை நீட்டினார். நான் எழுந்து வருவதற்குள் போனுக்குள்ளிருந்து மகள் சொன்னாள்:

"அம்மாகிட்ட குடுக்குறியாப்பா? சரி, குடு."

ஊசியை எடுத்துத் துணியில் குத்திவிட்டுப் போனை வாங்கினேன். உடனே முகத்துக்கு நேரே தூக்க என்னால் முடியவில்லை. அவளுக்குக் கொஞ்ச நேரம் எங்கள் வீட்டுக் கூரைதான் தெரிந்திருக்கும்.