ஒரு மறுபதிப்புக்கு அனுமதி கேட்டு, கெடாவில் இரண்டு நாள்

போன ஜூலையில் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. நான் படித்த பல்கலைக்கழகத்திலிருந்து, முகம் தெரியாத ஒரு மாணவி எழுதியிருந்தாள். "அக்கா, பழைய இதழ்களைப் புரட்டினோம். நீங்கள் எழுதிய கட்டுரைதான் எங்கள் எல்லாருக்கும் பிடித்தது. சிறப்பிதழில் மறுபடியும் போடலாமா?" பெருமையாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அடுத்த சனிக்கிழமைக்கே மலேசியாவின் வடக்கே இருக்கும் கெடாவுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன்.

பழைய கதையைச் சொல்லாமல் பயணத்தைச் சொன்னால் புரியாது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் அந்தப் பல்கலைக்கழகத்தில் 'சமயமும் சமூகமும்' என்று ஒரு மாணவர் கழகம் நடத்தினோம். மற்ற பிள்ளைகள் எங்களுக்கு வைத்த பெயர் சாமி கிளப். வாடகை வேனில் பதினான்கு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து, கோயில், மாதா கோயில், பள்ளிவாசல் என்று போவோம். சமயம் மனுஷனுடைய அன்றாடத்தில் என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். ஒரே ஒரு சட்டம்: போன இடத்தில் முதலில் ஒரு மணி நேரம் ஏதாவது வேலை செய்ய வேண்டும், அதற்கு அப்புறம்தான் கேள்வி. நான் கழக இதழின் ஆசிரியர். சுங்கைப் பட்டாணிக்காரன் ஹமீது செயலாளர்.

லூனாஸ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து மாதா கோயிலில்தான் ரோசலின் அக்காவைப் பார்த்தோம். (இது நான் வைத்த பெயர்.) அப்போது அவருக்கு நாற்பது வயதிருக்கும். ஃபாதர் மாதத்துக்கு ஒரு தடவைதான் டவுனிலிருந்து வருவார். மற்ற நாளெல்லாம் கோயில் சாவி அக்காவிடம். கூட்டுவது, பூ வைப்பது, ஜெபமாலைக்கு ஆள் சேர்ப்பது எல்லாம் அவர். இரண்டு பேரும் சேர்ந்து பெஞ்சு துடைத்துக்கொண்டிருந்தபோது என்னிடம் ஒன்று சொன்னார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தோட்டத்து முனையில் இருக்கும் முனியாண்டிக்கும் அவர்தான் விளக்கேற்றுகிறாராம். பக்கத்து வீட்டு லெட்சுமி ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, நான் வரும்வரை விளக்கை மட்டும் பார்த்துக்கொள் என்று கேட்டிருக்கிறார். லெட்சுமி திரும்பி வரவில்லை. அக்கா விளக்கை விடவில்லை. பார்த்தவர்களும் கண்டுகொள்ளவில்லை.

நான் எழுதினேன். அக்காவின் பெயர், தோட்டத்தின் பெயர் எல்லாம் போட்டு எழுதினேன். லெட்சுமியை மட்டும் எடுத்துவிட்டேன். பக்கம் போதவில்லை என்று ஹமீதிடம் சொன்னேன். பச்சைப் பொய். ஒரு பெண் இரண்டு சாமியைக் கும்பிடுகிறாள் என்று எழுதினால் எங்கள் கழகத்துக்கு அழகாக இருந்தது. தோழிக்குக் கொடுத்த வாக்கு என்று எழுதினால் அந்த அழகு போய்விடும் என்று நினைத்தேன். இதழ் வந்ததும் ஹமீது பத்துப் பிரதியைத் தோட்டத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்தான். அடுத்த மாதம் மாதா கோயில் ஆட்கள் அக்காவிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார்கள். முனியாண்டி கோயில் பக்கமும், இதெல்லாம் எழுத்தில் வந்துவிட்டது, வம்பு வேண்டாம், இனி வராதீங்க என்று சொல்லிவிட்டார்கள். இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் போகவில்லை. பரீட்சை, வேலை, கல்யாணம், ஏதாவது ஒரு சாக்கு.

இப்போது மறுபதிப்புக்குச் சரி சொல்ல நான் யார்? அவரைக் கேட்க வேண்டும். அதற்கு முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும். இந்தப் பயணம் அதற்குத்தான்.

கோலாலம்பூரிலிருந்து காலை எட்டரை மணி ரயில். டிக்கெட் எழுபத்திரண்டு வெள்ளி, அதாவது ரிங்கிட். பன்னிரண்டே முக்காலுக்குச் சுங்கைப் பட்டாணியில் இறங்கினேன். ஹமீது தன் பழைய மைவி காரோடு நின்றிருந்தான். முடி பாதி கொட்டிவிட்டது, வாய் மட்டும் அப்படியே. "கெழவி ஆயிட்டியே லா!" என்றான். நீ மட்டும் என்ன, மண்டை பளபளக்கிறது என்றேன். நேராக அவர்கள் குடும்பத்துச் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனான். ரொட்டி சானாய் என்கிற பரோட்டா ஒன்று ஒரு வெள்ளி ஐம்பது காசு, தே தாரெக் என்கிற ஆற்றிய டீ இரண்டு வெள்ளி. என்னிடம் காசு வாங்கவில்லை, விலை உங்களுக்காகச் சொல்கிறேன். அந்த மீன் குழம்பு வாசனை மூக்கில் ஏறியதும், வேனில் பதினான்கு பேரும் பாட்டுப் பாடிக்கொண்டே இந்தக் கடை வாசலில் வந்து இறங்கும் சனிக்கிழமைகள் அப்படியே திரும்பி வந்தன. எல்லாருக்கும் ஹமீதின் அத்தா கோழித்துண்டு ஒன்று கூடுதலாக வைப்பார். அவர் இப்போது இல்லை. அவர் உட்காரும் நாற்காலியில் ஹமீது உட்கார்ந்தான்.

"சரி, லூனாஸ் போலாமா?" என்று கேட்டான்.

"முதல்ல குருண் போலாம்," என்றேன்.

குருண் நேர் எதிர்த் திசை. அவனுக்குப் புரிந்துவிட்டது, காரை எடுத்தான். பயந்தாங்கொள்ளி என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

பழைய வடக்குச் சாலையில் இருபத்தைந்து கிலோமீட்டர், லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்ததில் நாற்பது நிமிஷம். இடது பக்கம் ஜெராய் மலை மேகத்தைத் தலையில் போட்டுக்கொண்டு கூடவே வரும். குருண் சின்ன டவுன்தான். தொழிற்சாலைகள், அதைச் சுற்றித் தோட்டங்கள். எங்கள் கழகம் முதன்முதலில் வந்த மாரியம்மன் கோயில் இங்கேதான். அன்றைக்கு அன்னதானத்துக்கு வெங்காயம் உரிக்கச் சொன்னார்கள். ஹமீது ஒரு சாக்கு உரித்தான், கண்ணீர் தாடியில் சொட்டியது. "யாருடி இந்தத் தம்பிய அழ வச்சது?" என்று சமையல்கட்டுப் பெண்கள் கேலி செய்தார்கள். அப்புறம் நாங்கள் கேள்வி கேட்க உட்கார்ந்தால், அவர்கள் எங்களைக் கேட்டார்கள். உங்க பள்ளிவாசல்ல யாரு தம்பி வெங்காயம் உரிப்பா? ஆம்பளைங்களா? சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. வேனில் திரும்பும்போது எவ்வளவு பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைத்தோம்! இருபத்திரண்டு வயது. எதைப் பார்த்தாலும் கட்டுரையாகத் தெரிந்த வயது.

இப்போது கோயிலுக்குப் புதுக் கோபுரம், சமையல்கட்டுக்கு வெள்ளை டைல்ஸ். அன்றைக்கு நாங்கள் வெங்காயம் கழுவிய குழாய் மட்டும் அதே இடத்தில் இருந்தது. அதைத் திறந்து முகம் கழுவிக்கொண்டேன். அந்த நாட்களுக்கு ஏங்கினேன், மறைக்கவில்லை. ஏக்கத்தோடு கூடவே இன்னொன்றும் உறுத்திக்கொண்டே இருந்தது. அன்றிரவு சுங்கைப் பட்டாணியில் அறை எடுத்தேன், தொண்ணூற்றைந்து வெள்ளி, சுத்தமாகவே இருந்தது.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு லூனாஸ் கிளம்பினோம். முப்பத்தைந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. டவுனைத் தாண்டித் தோட்டச் சாலையில் திரும்பினோம். நாங்கள் வந்தபோது இரண்டு பக்கமும் பால் மரம். இப்போது எண்ணெய்க்கான செம்பனை. தகர வரிசை வீடுகளில் பாதி காலி. மாதா கோயில் வெள்ளையடித்து நன்றாக இருந்தது, கதவில் பூட்டு. அங்கே நின்றிருந்தபோது ஓர் அண்ணன் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்.

"யாரப் பாக்குறீங்க?"

அக்காவின் பெயரைச் சொன்னேன்.

"அவங்க தோட்டத்த விட்டு ஆறேழு வருஷம் ஆச்சேம்மா. மக கிலாங்ல வேல. பாக்கார் ஆராங்ல வீடு வாங்கிருச்சு, அங்கதான் இருக்காங்க." அவருடைய மனைவி அந்த மகளோடு கிலாங்கில், அதாவது தொழிற்சாலையில், வேலை செய்தவராம். போன் போட்டு வீட்டு எண்ணைக் கேட்டுச் சொன்னார்.

திரும்பும்போது தோட்டத்து முனையில் காரை நிறுத்தச் சொன்னேன். முனியாண்டிக்குப் புது மேடை கட்டியிருந்தார்கள். விளக்கு மாடத்தில் ஒரு பல்பு. இருட்டினால் தானாக எரியும், எண்ணெய்ச் செலவு மிச்சம் என்று பின்னாலேயே வந்த அந்த அண்ணன் பெருமையாகச் சொன்னார். நான் தலையாட்டினேன்.

போகிறவர்களுக்கான குறிப்புகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த பகுதிக்கு அப்புறம் எனக்கு அதை எழுத மனசு வராது. கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு வேலை நாள், அதனால் காலை ஏழரைக்குச் சாலையில் நெரிசல் இருக்கும். போன் போட்டுக் கூப்பிடும் கார் லூனாஸ் டவுன் வரைக்கும் கிடைக்கும், தோட்டத்துக்குள்ளிருந்து திரும்பக் கிடைப்பது கஷ்டம். வந்த காரையே காத்திருக்கச் சொல்லுங்கள். தண்ணீர் கொண்டுபோங்கள். தோட்டத்தின் பெயரைக் கேட்டு எனக்கு எழுதாதீர்கள், சொல்ல மாட்டேன். கோயிலோ மாதா கோயிலோ, அங்கே ஒருவர் மனம் விட்டுப் பேசினால், எழுதுவதற்கு முன்னால் அவரிடமே வாசித்துக் காட்டுங்கள். பிடிக்கவில்லை என்றால் கிழித்துப் போடுங்கள்.

பாக்கார் ஆராங், சுங்கைப் பட்டாணியிலேயே இருக்கிறது. ஒன்று போலவே இருக்கும் வரிசை வீடுகள், ஒவ்வொரு வாசலிலும் கார். மத்தியானம் இரண்டு மணிக்கு இரும்புக் கதவுக்கு வெளியே நின்றோம். அக்கா எட்டிப் பார்த்தார். முடி நரைத்திருந்தது. என்னையே ரொம்ப நேரம் பார்த்தார்.

"பெஞ்சு தொடச்ச புள்ளதான நீ?"

"ஆமாங்க்கா."

ஹமீது பக்கம் திரும்பினார். "பத்து புக்கு கொண்டாந்தது நீ." அவன் தலையைக் குனிந்தான். "உள்ள வாங்க. வெயிலா இருக்கு."

மகள் வேலைக்குப் போயிருந்தாள். எங்களுக்கு மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டு, மகளுடைய தொழிற்சாலைச் சட்டைகளை இஸ்திரி போடுவதைத் தொடர்ந்தார்.

"தோட்டத்துக்குப் போனீங்களா?"

"போனோங்க்கா."

"முனியாண்டிகிட்ட வெளக்கு எரியுதா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு விநாடி நினைத்தேன். "பல்பு போட்டிருக்காங்க்கா. இருட்டுனா தானா எரியுமாம்."

"தானா எரியுமாமா," என்றார். அந்தச் சட்டையைத் தேய்த்து முடித்து, மடித்து வைத்தார்.

நான் மறுபதிப்பு விஷயத்தைச் சொன்னேன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதிவிடுகிறேன், உங்கள் முடிவுதான் என்றேன்.

"அதுல லெட்சுமி எங்க?" என்று கேட்டார். "நான் ஒங்கிட்ட சொன்னது முழுக்க அவளப் பத்தி. நீ எழுதுனது முழுக்க என்னப் பத்தி. ஃபாதர் கேட்டாரு, ஏம்மா ரெண்டு பக்கமும்னு. லெட்சுமிக்காகனு சொன்னேன். புக்குல அப்படி இல்லையேன்னு சனங்க சொன்னாங்க. புக்கு நெசமாயிருச்சு, என் வாயி பொய்யாயிருச்சு."

ஹமீது மைலோ கோப்பையைக் கீழே வைத்துவிட்டான். சாவி போனதுதான் அவருக்குப் பட்ட அடி என்று பன்னிரண்டு வருஷமாக நினைத்திருந்தேன்.

"போடணும்னா அவளப் போடு," என்றார். "அவ பேரு, அவ கேட்டது, அவ வராம போனது. என் பேர எடுத்துரு. தோட்டத்துப் பேரயும்."

அங்கேயே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினேன். நாலு பத்தி. வாசிக்கச் சொன்னார், வாசித்தேன். ஓர் இடத்தில் நிறுத்தினார். "படுக்கையில கேக்கல. ஆஸ்பத்திரி வண்டியில ஏறும்போது திரும்பிப் பாத்துக் கேட்டா." திருத்தினேன். மறுபடியும் முழுவதையும் வாசிக்கச் சொன்னார். "ம்," என்றார். அதைத்தான் அந்த மாணவிக்கு அனுப்பினேன். லெட்சுமி என்ற பெயரை மட்டும் இந்தப் பதிவிலும் நான் மாற்றவில்லை.

ஐந்தரைக்கு எனக்கு ரயில். நாலு மணிக்கு எழுந்தோம். ஹமீது காரைத் திருப்பப் போனான். நான் கதவருகே நின்று, ரயிலில் வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்ததைத் தொடங்கினேன். "அக்கா, அன்னைக்கு நான்..."

"வேணாம்," என்று கையைக் காட்டினார். "கேக்காத. கேட்டா நான் குடுக்கணும். தெனம் ஜெபத்துல எல்லாரையும் மன்னிக்கிறேன்னு சொல்றவ நான். நீ வாசல்ல நின்னு கேட்டா இல்லன்னு சொல்ல முடியாது. ஆனா மனசுல இன்னும் வரலம்மா. வராதத குடுத்தா அதுவும் பொய்யாப் போயிரும்."

நான் வாயை மூடிக்கொண்டேன். ஏதாவது பேசினாலே கேட்டது போல ஆகிவிடும் என்று பயமாக இருந்தது.

உள்ளே போய், கிழித்த காலண்டர் தாள் ஒன்றையும் பேனாவையும் கொண்டுவந்தார். "நம்பர எழுதிட்டுப் போ. வந்துச்சுன்னா நானே கூப்புடுறேன்."

எழுதிக் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு எண்ணாக உரக்கப் படித்துச் சரிபார்த்துக்கொண்டு, தாளை நாலாக மடித்துப் போட்டிருந்த சட்டையின் பையில் வைத்துக்கொண்டார்.

மூன்று மாதம் ஆகிறது. இன்னும் கூப்பிடவில்லை. வேலையிடத்தில் போனைச் சத்தமில்லாமல் வைப்பது என் பழக்கம். இப்போது அப்படி வைப்பதில்லை.