பொள்ளாச்சி பஸ்ஸில் கேட்ட குத்துப்பாட்டு

என் கணவர் கல்யாண வீடுகளில் கீபோர்டு வாசிப்பவர். பல்லடத்தில் ஒரு ரிசப்ஷன் முடிந்து திரும்பும்போது வேன் கவிழ்ந்தது. அவர் உடல் எங்கள் ஊரான கிணத்துக்கடவுக்கு வந்து சேர்ந்த அன்று, அப்போது நாங்கள் போய்க்கொண்டிருந்த சபையின் அக்கா ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சொன்னார்: "சினிமாப் பாட்டு வாசிச்ச கைக்குக் கர்த்தர் குடுத்த கூலி, கண்ணு. இனியாச்சும் அந்தக் கீபோர்டுச் சனியனை ஊட்டை உட்டு எடுத்துப்போடு."

ஆறுதல் சொல்ல வந்தவர் அவர். பக்கத்தில் நின்ற என் ஏழு வயது மகள் அதைக் கேட்டாள். அன்றோடு அவள் பேச்சு நின்றது.

தொண்டையில் ஒன்றுமில்லை என்றார் டாக்டர். சபையில் உபவாச ஜெபம் வைத்தார்கள், எண்ணெய் பூசினார்கள். கீபோர்டைப் பரணில் ஏற்றினேன். டிவியில் பாட்டை நிறுத்தினேன். வீடு இழவு வீடாகவே கிடந்தது. பிள்ளை வாயைத் திறக்கவில்லை. "உங்க மனசுல இன்னும் உலக ஆசை இருக்குதுங்க, அதான் புள்ள பேச மாட்டீங்குது" என்றார்கள். புருஷனைப் பறிகொடுத்தவள் மனதில் அவரைத் தவிர வேறென்ன இருக்கும்? சபைக்குப் போவதை விட்டேன். ஜெபத்தையும் விட்டேன்.

தேங்காய் நார் மில்லில் என்னோடு வேலை செய்பவள் மார்மன் சபைக்காரி. அவள் சொல்லி இரண்டு ஊழியக்காரத் தம்பிகள் வந்தார்கள். ஒருவர் வால்பாறைக்காரர். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர், தங்கள் சபையில் டீ குடிப்பதில்லை என்று டீ வேண்டாம் என்றார். எனக்கு எரிச்சல் வந்தது. இங்கேயும் அது கூடாது இது கூடாதுதானா என்று, சண்டை போடவே அவரிடம் சினிமாப் பாட்டைப் பற்றிக் கேட்டேன்.

"பாவமில்லீங்கக்கா. இந்த ரெண்டு வருச ஊழியம் முடியற வரைக்கும் நாங்க சினிமாப் பாட்டு கேக்கறதில்லீங்க, ஒரு விரதமாட்ட. ஊட்டுக்குப் போனதும் முதல்ல அதைத்தான் போடுவேன். நாம சிரிச்சா ஆண்டவருக்கு என்னங்க கோவம்? நான் சொல்றேன்னு நம்பாதீங்க. நீங்களே அவர்கிட்டக் கேளுங்க."

கேட்டேன். மரியாதையாகக் கேட்கவில்லை. "பாட்டுக்காக அவரைக் கொன்னது நீதானா? இல்லேன்னா எம்புள்ளைய ஒரு வார்த்தை பேச வை" என்றேன்.

அந்த வாரம் பொள்ளாச்சி பஸ்ஸில் டிரைவர் ஒரு குத்துப்பாட்டைப் போட்டார். மகளின் விரல்கள் முன்சீட்டுக் கம்பியில் அவள் அப்பாவின் விரல்களைப் போலவே ஓடின. பழைய பயத்தில் அவள் கையைப் பிடிக்கப் போனேன். பிடிக்கவில்லை.

"அம்மா, இது அப்பா வாசிக்கற பாட்டு. அப்பா இன்னும் வேகமா வாசிப்பாரு."

பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி அழுதேன். கண்டக்டர் பதறிப்போய்ப் பாட்டை நிறுத்தச் சொன்னார். "நிறுத்தாதீங்க! இன்னும் சத்தமா வைங்க!" என்று கத்தினேன்.

பிறகு இந்தச் சபையில் ஞானஸ்நானம் எடுத்தேன். இங்கே அமைதியான பாடல்கள்தான் பாடுகிறோம், அதுவும் எனக்குப் பிடிக்கிறது. வீட்டில் குத்துப்பாட்டு. மகள்தான் கீபோர்டு வாசிக்கிறாள், தப்பும் தவறுமாக. அந்த அக்காவை மன்னிக்க வேண்டும் என்று ஜெபிக்கிறேன், இன்னும் முடியவில்லை. அவர் எங்கள் வாசலைக் கடக்கும்போது சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்கிறேன்.

சகோதர சகோதரிகளே, உங்கள் துக்கத்தின் நடுவில் வந்து ஆண்டவர் பெயரால் யாராவது தீர்ப்புச் சொன்னால் நம்பிவிடாதீர்கள். கோபத்தோடு என்றாலும் சரி, நேராக அவரிடமே கேளுங்கள். எனக்கு என் பிள்ளையின் குரலில் பதில் சொன்னார். அந்தக் குரலைத் திருப்பிக் கொடுத்தவருக்கு நன்றி. ஆமென்.