ஓடைக்கரையில் மூன்றாவது அடுப்பு

எனக்கு எண்பது தாண்டிவிட்டது. பெற்றது ஐந்து, வளர்த்து ஆளாக்கியது மூன்று. மற்ற இரண்டும் காய்ச்சலில் போய்விட்டன. ஓடைக்கு மேல்புறம் பலா மரத்தடியில் கிடக்கின்றன. எழுத்து எனக்குச் சரியாக வராது, பேத்தியின் சிலேட்டைப் பார்த்துப் பார்த்துப் பழகியதுதான். ஆனாலும் இதை நான்தான் எழுத வேண்டும். இந்த ஓடைக்கரைக் குடியிருப்பு எப்படி வந்தது என்று கேட்டால் இப்போது ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். என் மாமனார் வீட்டு ஆண்கள் காட்டை வெட்டிக் குடி வைத்தார்களாம். சொல்லிக்கொள்ளட்டும். இங்கே முதலில் எரிந்த அடுப்பு என்னுடையது.

எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு. நான் திருப்புலி நாட்டில் பிறந்தவள். பைல் நாட்டில் கட்டிக்கொடுத்தார்கள். வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. எந்த வருசம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. என் வீட்டுக்காரரோடு பிறந்தவர்கள் இரண்டு அண்ணன்மார். பாகம் பிரித்தபோது ஊரை ஒட்டிய நிலம் அவர்களுக்கும் ஓடைக்கு அக்கரைச் சரிவு எங்களுக்கும் என்று ஆயிற்று. தண்ணீர் ஓரம் இருந்தால் காய்ச்சல் வரும் என்று எங்கள் ஜனம் மேட்டில்தான் வீடு கட்டும். ஆனால் ஊரில் படுத்துக்கொண்டு அக்கரையில் சாமை விதைத்தால் காட்டுப்பன்றிக்குத்தான் விதைக்க வேண்டும். அதனால் அங்கேயே வீடு போட்டோம். மண்சுவர், புல்கூரை, உள்ளே மூன்று கல் வைத்த அடுப்பு.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. சாமி கும்பிடும் நாள் விடிகாலையில் ஊர்க்கவுண்டர் பாறைமேல் ஏறி நின்று புகை எண்ணுவார். ஒரு புகை ஒரு அடுப்பு, ஒரு அடுப்பு ஒரு குடி. எத்தனை குடியோ அத்தனை பங்கு சாமைப் பொங்கல். சாமி நகை வைத்த பெட்டியும் தப்பட்டை மேளமும் அத்தனை வாசலுக்கும் போய் நிற்கும். ஊரை விட்டுத் தள்ளியிருக்கும் இடமாக இருந்தால் அங்கே மூன்று புகையாவது எழ வேண்டும். அப்போதுதான் ஊரோடு சேர்த்தி. அதற்குக் குறைந்தால் எத்தனை வருசம் குடியிருந்தாலும் அது காவல் குடிசைதான். காவல் குடிசைக்குச் சாமி வராது. பங்கை மட்டும் ஓடையோரத்துக் கல்மேல் வைத்துவிட்டுப் போவார்கள்.

இதெல்லாம் தெரிந்திருந்தும் முதல் வருசம் வாசலைச் சாணி போட்டு மெழுகி, இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு நின்றேன். புதிதாகக் குடி வந்திருக்கிறோமே, ஒரு தரமாவது வருவார்கள் என்று நினைப்பு. தப்பட்டை ஓடை வரைக்கும் வந்தது. அங்கேயே திரும்பியது. கவுண்டர்தான் சத்தம் போட்டார்.

"ஏ காவக்காரி! கல்லு மேல வெச்சிருக்குது. காக்கா கொத்தறதுக்குள்ள வந்து எடுத்துக்கோ!"

நான் போகவில்லை.

"சோத்து மேல என்ன புள்ளே ரோசம்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"சோத்து மேல இல்லீங்க. கல்லு மேல."

அவர் சிரித்துவிட்டார். அதன்பிறகு எந்த வருசமும் அந்தக் கல்லிலிருந்து நாங்கள் எடுத்ததில்லை. காக்கை தின்றது.

அவர் மிளகையும் வாழைத்தாரையும் சுமந்துகொண்டு அடிவாரத்துச் சந்தைக்கு இறங்கினால் திரும்ப இரண்டு மூன்று நாளாகும். மழைக்காலத்தில் ஓடை நிறைந்து ஓடும். எதிர்மேட்டில் பெண்கள் கேழ்வரகு புடைப்பது தெரியும். ஒருத்தி ஏதோ சொல்வாள், மற்றவள் முறத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரிப்பாள். சிரிக்கிறாள் என்று தெரியும், எதற்கு என்று தெரியாது. பேச்சையெல்லாம் தண்ணீர் தின்றுவிடும். மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு நானும் இந்தக் கரையில் உட்கார்ந்து சும்மா சிரிப்பேன். ஆள் அரவம் இல்லாத வீட்டில் அடுப்புச் சத்தம் பெரிதாகக் கேட்கும். புளி போட்டாச்சு, உப்புப் போட்டாச்சு என்று சமைக்கும்போது உரக்கச் சொல்லிக்கொள்வேன். வாய் பேச்சை மறந்துவிடக் கூடாதே.

இரண்டாவது அடுப்பு ஒரு மாசிக் காலையில் வந்தது. பெரக்கரை நாட்டில் கட்டின புருசனை விட்டுவிட்டு வேறொருவனோடு வந்த பெண். எங்கள் மலையில் அப்படிப் போகலாம், தடுக்க மாட்டார்கள். ஆனால் பிள்ளை அப்பன் வீட்டுக்குத்தான் சொந்தம். பெண் குழந்தையை விட்டுவிட்டு வந்திருந்தாள். எந்த ஊரிலும் அவர்களுக்கு இடம் கொடுக்கவில்லை. எங்களுக்குக் கீழே, கூப்பிடும் தூரத்தில் கூரை போட்டார்கள். மறுநாள் கையில் ஓட்டுச் சில்லோடு என் வாசலில் நின்றாள்.

"அக்கா, ஒரு கங்கு குடுங்கக்கா."

சில்லு நிறைய நெருப்பை அள்ளிக் கொடுத்தேன். அந்தக் கரையில் என்னிடம் ஒருத்தி வந்து ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை. "தெனமும் வா. நெருப்பு இருந்தாலும் வா," என்றேன்.

வருசங்கள் போயின. இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்தேன். பிறகு என் வீட்டுக்காரரைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. காரியம் முடிந்த அன்று அவருடைய மூத்த அண்ணன் வந்தார்.

"இத்தன நாளு இருந்தது போதும். அடுப்ப அவிச்சுப்போட்டுப் பையனக் கூட்டிக்கிட்டு ஊட்டுக்கு வா சாமி."

நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் என் அடுப்பு அவிந்தால் கீழே அந்தப் பெண்ணுடையது ஒன்றுதான் மிஞ்சும். தனி அடுப்பின் பாடு எனக்குத் தெரியும். அதோடு, அத்தனை வருசம் இருந்துவிட்டுக் காவல்காரியாகத் திரும்பிப் போக எனக்கு மனமில்லை.

"இதுவும் ஊடுதானுங்க," என்றேன்.

மகனுக்குக் கல்யாணம் ஆயிற்று. மருமகள் வாயாடி, நல்ல பெண். அவள் வந்தபிறகுதான் என் வீட்டில் இன்னொரு குரல் கேட்டது. நான் சொல்கிற உப்புக்கும் புளிக்கும் பதில் வந்தது. மூன்று பேரும் ஒரு பானையைச் சுற்றி உட்கார்ந்து களி தின்போம். சாமி கும்பிடும் நாள் நெருங்கிற்று. அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. எண்ணுவது ஆட்களை அல்ல, அடுப்பை. எங்களிடம் ஆள் இருந்தது. அடுப்புத்தான் ஒன்று குறைந்தது.

ஒரு வாரம் மனதுக்குள் வைத்துப் புழுங்கினேன். பிறகு மகனைக் கூப்பிட்டுப் பலா மரத்துக்குப் பக்கத்தில் இடம் காட்டி, "உங்களுக்குத் தனியாக் கூரை போட்டுக்க," என்றேன்.

மருமகள் அழுதுவிட்டாள். "நான் என்ன குத்தம் பண்ணுனேன் அத்தே? பேசறது அதிகமா? இனிப் பேசாம இருக்கறேன்."

"நீ பேசு கண்ணு. அங்க இருந்து பேசு."

காரணத்தையும் சொன்னேன். மகன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "நீ தனியாத் திம்பியாம்மா?" என்று கேட்டான். பதில் சொன்னால் மனம் மாறிவிடும் என்று களைக்கொத்தை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டேன். மாமியாரும் மருமகளும் மயிரைப் பிடித்துக்கொண்டார்கள் என்று ஊரே சிரித்தது. தனி அடுப்பு என்றால் சண்டை என்றுதான் எங்கள் ஜனத்துக்குத் தெரியும்.

சாமி கும்பிடும் நாள் விடிந்தபோது ஓடை முழுக்க மூடுபனி. மூன்று அடுப்பிலும் பச்சைத் தழையைப் போட்டுப் புகைத்தோம். பனியும் புகையும் ஒரே நிறம். பாறைமேலிருந்து கவுண்டரின் குரல் மட்டும் வந்தது.

"ஒண்ணும் தெரியலயே! போன வருசக் கணக்கே இருக்கட்டும்!"

ஓடைக்கு ஓடினேன். "ஏனுங்க! கண்ணு தெரியலைன்னா காலு இருக்குதுங்களே! எறங்கி வந்து எண்ணுங்க!"

பிறகு கவுண்டர் முழங்கால் நனைய ஓடையைத் தாண்டி வந்தார். இந்தக் கரையில் அவர் கால் வைத்தது அன்றுதான். கீழ்வீட்டில் குனிந்து பார்த்தார். மகன் வீட்டில் பார்த்தார். கடைசியாக என் வீட்டுக்குள் வந்து அடுப்பைப் பார்த்தார். உழக்குச் சாமை வேகிற சின்னப் பானை.

"ஏம்மா, இத்தனூண்டு பானை?"

"ஒரு ஆளுக்கு அது போதுமுங்க."

"மருமவகிட்டச் சண்டையா?"

"இல்லீங்க. எண்ணுங்க."

அவர் பானையைப் பார்த்தார், மகன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. "மூணு," என்றார்.

வெயில் ஏறியதும் தப்பட்டை ஓடையைத் தாண்டியது. சாமிப் பெட்டி முதலில் என் வாசலில் நின்றது. கீழ்வீட்டுக்காரியின் வாசலிலும் நின்றது. அவள் வெளியே வரப் பயந்துகொண்டு கதவுக்குப் பின்னால் நின்று கும்பிட்டாள். பொங்கல் பங்கை என் கையில் இலையோடு கொடுத்தார்கள். "அத்தே, இங்க வாங்க, ஒண்ணாத் திங்கலாம்," என்று மருமகள் பலா மரத்தடியிலிருந்து கூப்பிட்டாள். நான் போகவில்லை. அந்த அடுப்பில் போய் உட்கார்ந்தால் எண்ணிய கணக்குப் பொய் என்பார்கள். என் வீட்டில், என் அடுப்புக்கு எதிரே தனியாக உட்கார்ந்து தின்றேன். இனிப்பாகத்தான் இருந்தது. உப்பைப் பற்றிச் சொல்ல ஆள் இல்லை.

ஊரோடு சேர்த்தி ஆனதும் ஆள் வரத் தொடங்கியது. அடுத்த வருசம் ஒரு வீடு, அப்புறம் இரண்டு. கவுண்டரின் இளைய மகனே வந்து கூரை போட்டான். இப்போது யார் கூரைத் தண்ணீர் யார் வாசலில் விழுகிறது என்று சண்டை போடுகிற அளவுக்கு நெருக்கம். பங்கு வைத்த கல்லில் துணி துவைக்கிறார்கள். அது என்ன கல் என்று அந்தப் பெண்களுக்குத் தெரியாது. கீழ்வீட்டுக்காரியும் செத்துப்போய்விட்டாள். நான் இன்னும் அதே சின்னப் பானையில்தான் ஆக்குகிறேன். ஒரு தரம் பிரித்த அடுப்பை யாரும் சேர்ப்பதில்லை, நானும் கேட்கவில்லை.

எழுதியது போதும், விரல் வலிக்கிறது. இதோ பேத்தி வந்துவிட்டாள். வா கண்ணு, இப்படி அடுப்போரமாக உட்கார். நான் எழுதியதை முதலிலிருந்து படி. ஓடைச் சத்தத்துக்கு மேலே எனக்குக் கேட்க வேண்டும், உரக்கப் படி. படித்து முடித்துவிட்டு உங்கள் ஊட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்.