உத்தரீயத்துக்குப் பதில் பொன்னாடை

பொன்னாடை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போதெல்லாம் குமட்டுகிறது. அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு கத்தை கிடக்கிறது. போர்த்திக்கொள்ளவும் முடியாது, தரை துடைக்கவும் உதவாது. தண்ணீரை உறிஞ்சவே உறிஞ்சாது. ஜரிகை என்ற பெயரில் பிளாஸ்டிக் நூல். இதைத் தோளில் போட்டுவிட்டு, எழுத்தாளரைக் கௌரவித்துவிட்டோம் என்று பல்லைக் காட்டிக்கொண்டு போட்டோவுக்கு நிற்கிறார்கள், வெட்கங்கெட்டவர்கள்.

நான் கல்கத்தாவுக்கு வந்தது கல்யாணமான புதிதில். வீட்டுக்காரருக்கு கார்டன் ரீச்சில் ரயில்வே அலுவலக வேலை. குடியிருப்பது அன்றிலிருந்து இன்றுவரை டாக்குரியாவில், ஒரு பழைய வீட்டின் மாடியில். அவர் ரிட்டயர் ஆன பிறகும் நாங்கள் திருநெல்வேலிக்குத் திரும்பவில்லை. இங்கே உட்கார்ந்துகொண்டு நான் தமிழில் கதை எழுதுகிறேன். குளிர்காலம் வந்தால் இந்த ஊருக்குப் புத்தகப் பைத்தியம் பிடித்துவிடும். பேட்டைக்குப் பேட்டை புத்தகத் திருவிழா, கவிதை விழா, இலக்கியச் சந்திப்பு. தூசிக்குள் நின்றுகொண்டு ஸ்டால் ஸ்டாலாக ஜனங்கள் புத்தகம் புரட்டுவதைப் பார்த்தால் இன்றைக்கும் மனசு நிறையும். மேடைப் பக்கம் போனால்தான் வயிறு எரியும்.

அதனால் மேடை என்றாலே வர மாட்டேன் என்று சில வருஷமாக முரண்டு பிடித்துக்கொண்டிருந்தேன். போன குளிர்காலத்தில் ஒரே ஒரு தடவை ஒப்புக்கொண்டேன். ஒரு விழாவில் பல மொழிக் கதைகளுக்கென்று ஓர் அமர்வு வைத்திருந்தார்கள். எழுதியவர் தன் மொழியில் ஒரு பக்கம் படிப்பார். பிறகு முழுக்கதையின் வங்காளி மொழிபெயர்ப்பை நல்ல குரல் உள்ள ஒரு பெண் படிப்பாள். என் கதையை ஒரு கல்லூரி ஆசிரியை என்னோடு பல மாலைகள் உட்கார்ந்து வங்காளியில் ஆக்கியிருந்தாள். நான் சம்மதித்தது இலக்கியத்துக்காக ஒன்றும் இல்லை. கீழ்வீட்டு பௌதிக்காக.

பௌதி என்றால் இங்கே அண்ணி. அண்டை வீட்டுப் பெண்ணையும் அப்படித்தான் கூப்பிடுவோம். எனக்குப் பையன் பிறந்த கொஞ்ச நாளில் கடுங்காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் போட்டார்கள். பிள்ளைக்கு டப்பாப் பால் ஒத்துக்கொள்ளவில்லை, கக்கிக் கக்கித் துவண்டுபோனான். பௌதியிடம் அப்போது கைக்குழந்தை. அவள் மாடியேறி வந்து என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் பாலைக் கொடுத்தாள். நான் தேறி எழும்பும்வரை ஒரு மாதத்துக்கு மேல் அவன் அவள் மடியில்தான் கிடந்தான்.

இது தெருவுக்கே தெரிந்த சங்கதி. எனக்கே வெகுநாள் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. நாங்கள் சைவம், முட்டைகூடத் தொட மாட்டோம். மீன் தின்கிறவள் பாலைப் பிள்ளை குடித்தான் என்று நாளைக்கு எங்கள் வீட்டுப் பெரியவர்கள் என்னைக் குத்திக்காட்டுவார்களோ என்று நினைத்து, யாரும் கேட்காமலே அவள் அந்த நாளெல்லாம் மீனை விட்டிருக்கிறாள். வங்காளி வீட்டில் புருஷன் உயிரோடு இருக்கும்போது ஒரு பெண் மீனை விடுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. அது விதவைக்கு விதித்தது. அவள் மாமியார் தினம் தலையில் அடித்துக்கொண்டு, "என் பிள்ளை உசிருக்கு உலை வைக்கிறியா?" என்று கத்தியிருக்கிறாள். இவள் வாயே திறக்கவில்லை. பல வருஷம் கழித்து அவள் வீட்டுக்காரர்தான் ஒருநாள் சிரித்துக்கொண்டே என்னிடம் போட்டு உடைத்தார். அவர் காலமானபிறகு சொந்தக்காரர்கள் இனி மீன் கூடாது என்றபோது, "அந்த விரதத்தை அவர் இருக்கும்போதே இருந்து முடிச்சாச்சு, மீனைக் கொண்டா" என்றாள் பௌதி. வந்தவர்கள் விழித்தார்கள். எனக்கு மட்டும்தான் புரிந்தது.

இதற்கு நான் ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை. ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தாலே, "சும்மா கிட" என்று அடக்கிவிடுவாள். தவிர என் வங்காளி, சந்தையில் பேரம் பேசவும் ஆட்டோக்காரனோடு மல்லுக்கட்டவும் படித்த வங்காளி. அதில் இதைச் சொன்னால் சொல்கிற விஷயமே கேவலப்பட்டுப் போகும். அதனால்தான் கதையாக எழுதினேன். அவளுக்கோ கண் மங்கிவிட்டது, யாராவது படித்துத்தான் காட்ட வேண்டும். பெங்களூரில் இருக்கும் மகன், அந்தக் கைக்குழந்தைதான், அவளை ஒரேயடியாகத் தன்னிடம் அழைத்துக்கொள்ள டிக்கெட் போட்டுவிட்டான். விழாவுக்கு மறுநாள் காலையில் பயணம். நாலு பேர் நடுவில், என் வாயை அவள் அடைக்க முடியாத இடத்தில், நல்ல வங்காளியில் அவள் அதைக் கேட்டுவிட்டுப் போக வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

"ஒங்களப் பத்தி ஒரு கதை படிக்கப் போறேன், வாங்க" என்றேன், என் ஓட்டை வங்காளியில்.

"என்னப் பத்தியா? என்ன, மீன்காரனோட போட்ட சண்டையா?" என்று சிரித்தாள்.

முட்டிவலியோடு டாக்சியில் ஏறி வந்தாள். கஞ்சி போட்ட பருத்திப் புடவை. மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்கார வைத்தேன். அவளுக்கு மேடை ஒரு வெளிச்சமாகத்தான் தெரியும் என்றாலும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

முதலில் விளக்கேற்றினார்கள். பிறகு ஒரு பாட்டு, அது போதவில்லை என்று இன்னொரு பாட்டு. பிறகு விழாச் செயலாளர் மேடையில் இருந்த ஒவ்வொருவருக்கும் உத்தரீயம் போர்த்தினார். இது இங்கத்திய மரியாதை. ஒரு துண்டு, ஒரு பூங்கொத்து, ஒரு கும்பிடு. நேபாளிக்காரர், ஒடியாக்காரி, உருதுக் கவிஞர், நான் என்று எல்லோருக்கும் ஆயிற்று. சரி, தொலையட்டும், இதோடு முடிந்தது என்று நான் பையிலிருந்து கதையை எடுத்து மடியில் வைத்தேன்.

அப்போதுதான் எழுந்தார் நம்மாள். லேக் மார்க்கெட் பக்கம் தமிழர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் ஒரு சின்ன இலக்கிய வட்டத்தின் தலைவர், பட்டு வேட்டியோடு முன்வரிசையில் இருந்தார். கையில் ஒரு பெரிய பை.

"நம்ம சார்பா ஒண்ணும் செய்யலைன்னா நல்லாருக்காதும்மா" என்று எனக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டே மேடை ஏறிவிட்டார். பை முழுக்கப் பொன்னாடை! எனக்கு ஒன்று, நேபாளிக்காரருக்கு ஒன்று, செயலாளருக்கு ஒன்று, மைக் பிடித்து நிகழ்ச்சியை நடத்திய பெண்ணுக்கும் ஒன்று. செயலாளர் முகம் மாறிப்போயிற்று. வாங்கிக்கொண்டு சும்மா இருந்தால் வங்காளி மானம் என்ன ஆவது? ஆளனுப்பி இன்னும் உத்தரீயம் வரவழைத்தார். தலைவருக்கு, அவர் வட்டத்துச் செயலாளருக்கு, பொருளாளருக்கு என்று பதில் மரியாதை நடந்தது. தலைவர் விடுவாரா? உத்தரீயம் எடுத்துக் கொடுத்த பெண்களையும் கூப்பிட்டுப் போர்த்தினார். ஒரு போட்டோ சரியாக விழவில்லை என்று ஒரு பொன்னாடையைக் கழற்றி மறுபடி போர்த்தினார்கள். இதற்கு நடுவே சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்து சேர, இரண்டு கட்சியும் அவர்மேல் பாய்ந்தது. சீச்சீ! துணி ஏலம்கூட இதைவிட நாகரிகமாக நடக்கும். உருதுக் கவிஞர் துணிக்குவியலுக்குள் கண்ணை மூடிக்கொண்டுவிட்டார்.

என் பெயர் சொல்லப்படும்போதெல்லாம் மூன்றாவது வரிசையில் பௌதி நிமிர்ந்து உட்கார்ந்தாள். இப்போது படிக்கப் போகிறேன் என்று நினைத்து. பிறகு மெல்லச் சாய்ந்துகொண்டாள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ரத்தம் கொதித்தது.

"எப்பம்மா படிக்கிறது?" என்று மைக் பெண்ணிடம் கேட்டேன்.

"இதோ தீதி, ஆச்சு தீதி" என்றாள்.

ஆச்சுதான். அடுத்த நடன நிகழ்ச்சிக்காரர்கள் அரங்கத்தைக் கேட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். மைக் பெண் இனிக்க இனிக்கச் சொன்னாள்: நேரம் போய்விட்டதாம், கதைகளை இன்னொரு சந்தர்ப்பத்தில் கேட்கலாமாம், இப்போதைக்கு ஒவ்வொருவரும் தங்கள் மொழியில் இரண்டு வார்த்தை பேசினால் போதுமாம். அர்த்தம் வேண்டாமாம், அந்த இனிமை காதில் விழுந்தால் போதுமாம்.

இனிமையா? இரு, தருகிறேன் என்று எழுந்தேன். இத்தனை வருஷக் கல்கத்தா வாசத்தில் என் நாக்கு திருநெல்வேலியை மறந்துவிடவில்லை.

"ஏ, ஒங்களுக்கெல்லாம் வெக்கம் மானம் ஒண்ணும் கெடையாதா? கத படிக்கக் கூப்புட்டுட்டு எந்தலைல துணிக்கடையக் கவுத்துட்டீங்களே! ஒருத்தராவது ஒரு வரி படிச்சமா? அந்தா இருக்காளே பௌதி, எம்பிள்ளைக்குப் பால் குடுத்த மகராசி, நாளைக்கு ஊர விட்டுப் போறா. முட்டிவலியோட வந்து உக்காந்திருக்கா. அவ காதுல விழணும்னுதான்யா இந்தக் கூத்துக்கு வந்தேன். அதுல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே, நல்லாருப்பீங்களா? ஒங்க பொன்னாடையக் கொண்டுபோயி அடுப்புல போடுங்க. அதுகூட எரியாது, உருகி நாறத்தான் செய்யும்!"

பௌதியை விரலால் காட்டியபோது என் குரல் உடைந்தது. மிச்சத்தை அழுகையோடுதான் கத்தினேன்.

பிறகு சபை அதிரக் கைதட்டல். "என்ன உருக்கம், என்ன உணர்ச்சி! தமிழ் எவ்வளவு இனிமையான மொழி!" என்றாள் மைக் பெண். நம்மூர்த் தலைவருக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. காது சிவந்துவிட்டது. ஆனால் ஊரோடு அவரும் தட்டினார். தட்டியதோடு விட்டாரா? பையில் மிச்சம் கிடந்த ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து என் தோளில் போட்டார். தூ!

கையில் ஆளுக்கொரு தின்பண்டப் பெட்டியைத் திணித்து அனுப்பினார்கள். டாக்சியில் ஏறியதும் பௌதியைப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என் கையைப் பிடித்தாள்.

"வார்த்தை ஒண்ணும் புரியல. ஆனா பௌதின்னு சொல்றப்ப ஒன் குரல் ஒடைஞ்சுது பாரு, அப்ப எல்லாம் புரிஞ்சுபோச்சு. அந்த மீன் சமாசாரம்தானே? எங்க வீட்டு மனுஷர் ஒன்கிட்ட ஒளறிட்டாரா? அவர் வாயில எதுதான் நின்னுது!" என்றாள். "எவ்வளவு அழகாச் சொன்னே. சபையே தட்டிச்சே!"

"பௌதி, வங்காளியில எழுதுனது பையில இருக்கு. வீட்டுக்குப் போனதும் யாரையாவது படிக்கச் சொல்லுதேன்" என்றேன்.

"வேண்டாம் போ. ஒன் குரல்லயே கேட்டாச்சு. இனிமே இன்னொருத்தி குரல்ல எதுக்கு?"

அது கதை இல்லை, நான் ஊரைப் போட்டு ஏசிய ஏச்சு என்று எப்படிச் சொல்வேன்? அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. "சரி பௌதி" என்றேன். அவள் பெட்டியைத் திறந்து, சந்தேஷ் இனிப்பை என் கையில் வைத்துவிட்டு, மீன் வறுவலைக் கடித்தாள். "இது மட்டும் நல்லாப் பண்ணியிருக்காங்க" என்றாள். மறுநாள் காலையில் கிளம்பிப் போய்விட்டாள்.

கோடை தொடங்கியபோது பெங்களூரிலிருந்து போன் வந்தது. மகன் நம்பரைப் போட்டுக் கொடுத்திருக்கிறான். அங்கே பேச்சுத் துணைக்கு யாரும் இல்லை, மீனும் சரியில்லை என்று புலம்பினாள்.

"அன்னிக்கு மேடையில சொன்னியே, அத இன்னொரு தடவை சொல்லேன்" என்றாள்.

எனக்குச் சட்டென்று ஒரு வழி திறந்த மாதிரி இருந்தது. எதைப் படித்தாலும் அவளுக்குப் புரியப் போவதில்லை, தமிழ்தானே? ஓடிப்போய் கதையை எடுத்துவந்தேன். மீனை விட்ட அந்த மாதத்தை, அவள் மாமியார் கத்தியதை, என் பிள்ளை அவள் மடியில் தூங்கியதை, ஒரு வரி விடாமல் நிதானமாகப் படித்தேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவள் காதிலேயே சொல்லிவிட்டேன். படித்து முடித்தபோது என் கண் கலங்கியிருந்தது.

"இது இல்லடி" என்றாள் பௌதி. "இது வேற ஏதோ. அன்னிக்குச் சொன்னதச் சொல்லு."

அந்தத் துணிக்கடைக்காரர்களை நினைத்துப் பல்லைக் கடித்தேன். வேறு வழி? போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, "ஏ, ஒங்களுக்கெல்லாம் வெக்கம் மானம் ஒண்ணும் கெடையாதா?" என்று முதலிலிருந்து ஆரம்பித்தேன். கூடத்திலிருந்து வீட்டுக்காரர் பேப்பரை இறக்கிவிட்டு, "காலங்காத்தால யாரப் போட்டு இந்த ஏச்சு ஏசுத?" என்றார். பேசாமல் இருக்கும்படி அவருக்குக் கை காட்டினேன். அந்தப் பக்கம் பௌதி மூக்கை உறிஞ்சுவது கேட்டுக்கொண்டிருந்தது.