பத்திரிகையில் போட முடியாத படிப்பு

கல்யாணப் பத்திரிகையின் மாதிரி அச்சகத்திலிருந்து வந்த அன்று, மேக்ஸ்வெல்லின் பழைய மனக்குறை மறுபடி தலைதூக்கியது. மாப்பிள்ளை ஜோஷுவாவின் பெயருக்குப் பின்னால் எம்.பி.ஏ. இருந்தது. மகள் ஜெசிந்தாவின் பெயருக்குப் பின்னால் வெறும் பி.காம்.

ஜெசிந்தா மைசூர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் இருக்கிறாள். எம்.பி.ஏ. பாடத்திட்டத்தை வரி விடாமல் படித்துப் பார்த்தவள். தன் வேலைக்கு உதவுவது அதில் கொஞ்சம்தான் என்று தெரிந்தது. அதனால், சப்ளையர்களிடம் பேரம் பேசவும் ஒப்பந்தம் எழுதவும் சொல்லித்தரும் ஒரு சான்றிதழ் படிப்பில் சேர்ந்து, ஞாயிறு பூசை முடிந்த கையோடு வகுப்புக்கு ஓடினாள். இன்று அவளில்லாமல் அங்கே ஒப்பந்தப் பேச்சு நடப்பதில்லை. ஆனால் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்த எழுத்துகளைத் தராத படிப்பை நம் ஆட்கள் படிப்பென்றே ஒத்துக்கொள்வதில்லை.

"சர்ச்சுல நாலு பேர் பார்ப்பாங்கம்மா. எம்.பி.ஏ. படின்னு அன்னிக்கே சொன்னேன், கேட்டியா?" என்றார் மேக்ஸ்வெல்.

"எனக்குத் தேவையானதைப் படிச்சேன் டாடி. பத்திரிகைக்குத் தேவையானதைப் படிக்கல."

பக்கத்திலிருந்த ஜோஷுவா சிரித்தான். "என்னோடதையும் எடுத்துடுங்க அங்கிள். அது சும்மா பேருக்குப் பின்னாடி நிக்குது. ஒருநாளும் என்கூட வேலைக்கு வந்ததில்ல."

மேக்ஸ்வெல் மாதிரியை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்தார். பிறகு அச்சகத்துக்கு ஃபோன் போட்டார்.

"பொண்ணு மாப்பிள்ளைக்குப் பேர் மட்டும் போதும், படிப்பு வேணாம்."

கொஞ்சம் யோசித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"என் பேருக்குப் பின்னாடி இருக்கற பி.ஏ. மட்டும் அப்படியே இருக்கட்டும்."