செல்லக்கிளியும் சயாம் பூனையும்

மேலூரில் ஒரு ரைஸ் மில்லில் நெல் அவிக்கும் வேலை பார்த்த செல்லக்கிளிக்கு எதைக் கண்டாலும் ஏன், எதற்கு என்று குடைந்தாக வேண்டும். தொட்டியில் கையை விட்டே நெல் வெந்த பதத்தைச் சொல்லிவிடும் கெட்டிக்காரி என்பதால், முதலாளி வெள்ளைத்துரை அவள் வாயைப் பொறுத்துக்கொண்டார்.

எழுபத்தெட்டாம் வருஷம் முதலாளியின் மச்சினன் பினாங்கிலிருந்து கப்பலில் வந்தபோது ஒரு சினைப்பூனையைக் கொண்டுவந்தார். சயாம் பூனையாம். உடம்பெல்லாம் காய்ச்சிய பால் நிறம். முகம், காது, பாதம், வால் மட்டும் அட்டக்கறுப்பு. முடி குட்டையாக உடம்போடு ஒட்டிக் கிடந்தது. கண் இரண்டும் நீலம்.

"அரமனையில வளந்த சாதி. ராசகுமாரிக குளிக்கப் போகும்போது மோதிரத்த இது வால்ல மாட்டி வப்பாகளாம். அதான் வால் நுனி மடங்கிக் கெடக்கு" என்றார் மச்சினன்.

"மோதிரத்தோட பூனை ஓடிப்போச்சுன்னா?" என்று செல்லக்கிளி கேட்டாள்.

நம்மூர்ப் பூனை சோறு கண்ட இடத்தில் இருக்கும். ஆளைச் சட்டை செய்யாது. இதுவோ அவள் பின்னாலேயே திரிந்தது. தனியே விட்டால் கைப்பிள்ளை மாதிரி கத்தி மில்லையே ரெண்டாக்கியது. அவள் பேசினால் அதுவும் திருப்பிப் பேசியது. அரமனைப் பூனைக்கு இம்புட்டு வாய் எதற்கு என்று அவள் அதிசயப்பட்டாள்.

ஐப்பசியில் அது ஒரே ஒரு குட்டி போட்டது. பஞ்சு மாதிரி வெள்ளை, ஒரு புள்ளி கறுப்பில்லை. தாய் அதை உமி அடுப்பு ஓரத்திலேயே வைத்து வளர்த்தது. வாடிப்பட்டியிலிருந்து வந்த முதலாளியின் சம்பந்தியம்மாள் அன்னக்கொடி, வெள்ளைப் பூனை வீட்டுக்கு லட்சுமி என்று கேட்டு வைத்துவிட்டுப் போனாள். கார்த்திகைக் கடைசியில் கொடுத்தனுப்பும்போது குட்டியின் காது நுனியில் லேசாகச் சாம்பல் பூத்திருந்தது. அடுப்புக் கரிதான் என்று செல்லக்கிளி சீயக்காய் போட்டுத் தேய்த்தாள். போகவில்லை. சரி, போகப் போகப் போய்விடும் என்று விட்டுவிட்டாள்.

தை பிறந்ததும் வாடிப்பட்டியிலிருந்து ஆள் வந்தது. வெள்ளைப் பூனையை யாருக்கோ கொடுத்துவிட்டு, மூஞ்சி கறுத்த பூனைக்கு வெள்ளை பூசித் தலையில் கட்டிவிட்டார்களாம். சம்பந்தி வீட்டுச் சொல் முதலாளிக்குச் சுருக்கென்று தைத்தது.

"நெசத்தச் சொல்லு செல்லக்கிளி. பூனைய மாத்துனியா?"

"இல்ல மொதலாளி. காதுல கரி இருந்துச்சு, தொடச்சுத்தான் குடுத்தேன்."

"அப்ப தெரிஞ்சேதான் குடுத்திருக்க! மாத்தலன்னு அவுகளுக்குக் காட்டு. இல்லாட்டி நாளையிலிருந்து மில்லுப் பக்கம் வராத."

பதினாலு வருஷ வேலை. வேலையைவிட, திருட்டுப் பட்டத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஆனாலும் புத்தி சும்மா இருக்கவில்லை. வெள்ளையாகப் பிறந்தது ஏன் கறுக்க வேண்டும்? அதுவும் காது, மூக்கு, பாதம், வால் என்று பொறுக்கியெடுத்து? தாய்ப்பூனையை மடியில் போட்டுத் தடவினாள். வயிறு வெதுவெதுப்பாக இருந்தது. காது சில்லென்றிருந்தது. மறுபடி தொட்டாள். பாதமும் சில்லென்றுதான் இருந்தது. நெல்லுப் பதம் பார்த்த கை பொய் சொல்லாது.

மறுநாள் முதலாளியோடு வாடிப்பட்டிக்குப் பஸ் ஏறினாள். அன்னக்கொடி வீட்டுக் கொல்லையில் செல்லக்கிளியின் குரல் கேட்டதும் ஒரு கருமூஞ்சிப் பூனை கத்திக்கொண்டே ஓடிவந்து தோளில் ஏறியது.

"பழகின பூனை ஏறத்தான் செய்யும். இதுதான் அதுன்னு யாரு கண்டா?" என்றாள் அன்னக்கொடி.

"ஆத்தா, காதத் தொட்டுப் பாருங்க. இப்ப வயித்தத் தொடுங்க. சூடு நிக்கிற எடம் வெள்ள, குளிருற எடம் கறுப்பு. எங்ககிட்ட அடுப்போரம் கெடந்துச்சு, கறுக்கல. இங்க எங்கிட்டுப் படுக்கப் போடுறீக?"

அன்னக்கொடியின் கண் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனது. கொல்லையில் தொட்டியடி ஈரச் சிமிண்டுத் தரையில் ஒரு கயிறு கிடந்தது. லட்சுமி என்று கேட்டு வாங்கிய பூனையை மார்கழிப் பனி முழுக்க அங்கேதான் கட்டிப் போட்டிருக்கிறார்கள். வெள்ளைத்துரையும் அந்தக் கயிற்றைப் பார்த்தார்.

"கத்திக்கிட்டே இருக்கு, வீட்டுக்குள்ள எப்படி விடுறது?" என்றாள் அன்னக்கொடி.

வெள்ளைத்துரை பூனையின் காதைத் தொட்டார், பிறகு வயிற்றை. "சரி செல்லக்கிளி, வா போவோம்" என்றார் மெதுவாக.

அவள் நகரவில்லை. "மொதலாளி, நான் மாத்தலன்னு சொல்லுங்க."

"அதான் தெரிஞ்சு போச்சுல்ல."

"எனக்குத் தெரிஞ்சதுதான. அவுக காதுல விழுகுற மாதிரி சொல்லுங்க."

அவர் சம்பந்தியம்மாளைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பிறகு சத்தமாகவே சொன்னார். "செல்லக்கிளி மாத்தல. நான்தான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்."

கேட்டதும் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. அன்னக்கொடி எதிரிலேயே பூனை முதுகில் முகத்தைப் புதைத்து அழுதாள்.