ஒரு கன்னத்துக்கு மட்டும் நுரை

முடிதிருத்துபவருக்குத் தெருவில் ‘அரைக் கன்னம்’ என்று பெயர். ஒரு கன்னத்தை மழித்து முடிப்பதற்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் பின்னால் ஓடுவார். நாற்காலியில் இருப்பவர் நுரை காய்ந்த மறு கன்னத்தோடு கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். பெருங்குடலில் புண், போகும்போதெல்லாம் ரத்தம். முதலில் அவமானமாக இருந்தது. பிறகு அதுவும் மரத்துப்போனது.

ஆஸ்பத்திரியில் புது மாத்திரை ஒன்றைச் சோதித்துப் பார்த்தார்கள். பூண்டில் இருக்கும் கந்தகச் சத்து குடல் புண்ணைத் தணிக்குமா என்று தெரியவேண்டுமாம். பாதிப் பேருக்கு அந்தச் சத்து, மீதிப் பேருக்கு வெறும் மாவு. இவரும் சேர்ந்தார்.

“உங்களுக்கு எதுன்னு எனக்கே தெரியாதுண்ணே,” என்றாள் நர்ஸ். “நீங்களும் நோண்டாதீங்க. இது முடியுற வரைக்கும் பூண்டு மட்டும் வேணாம்.”

நோண்டாமல் எப்படி இருப்பது? நிஜ மாத்திரை என்றால் மூச்சு நாறுமே. அவர் வேலையோ அடுத்தவர் மூக்குக்கு நேரே. குனியும்போதெல்லாம் யாராவது முகம் சுளிக்கிறார்களா என்று பார்த்தார். ஒருவரும் சுளிக்கவில்லை.

“மாவுதான்,” என்று மனைவியிடம் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

அடுத்த வாரம் வாடிக்கைக்காரர் ஒருவர் மூக்கைப் பொத்தினார். “என்னய்யா தின்னே? கத்தியே வேணாம், நீ மூச்சு விட்டா முடி தானா கொட்டிரும்!”

அன்று விசிலடித்துக்கொண்டே கடையைப் பூட்டினார்.

வீட்டுக் குப்பைக் கூடையில் பூண்டுத்தோல் கிடந்தது. என்ன சாப்பிடுகிறோம் என்று கவனித்துச் சாப்பிட்டு அவருக்கு நாளாகியிருந்தது.

“எதுல போட்டே?”

“பருப்புல. அரைச்சு.” மனைவி அடுப்பைத் துடைப்பதை நிறுத்தவில்லை. “நாத்தம் வந்தா நெஜ மாத்திரைன்னு நம்புவீங்க. நம்பினா கொஞ்சம் மனுஷனா நடமாடுவீங்க. அவ்வளவுதாங்க.”

கத்தலாம் என்று நினைத்தார். கத்துவதற்கும் உள்ளே ஏதாவது மிச்சமிருக்க வேண்டும்.

“உப்பு கம்மியா இருந்துச்சு,” என்றார்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, பூண்டு சாப்பிட்டீர்களா என்று கேட்டார்கள். ஆமாம் என்றார். நர்ஸ் மாத்திரை டப்பாவைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். “இனிமே சேத்துக்க மாட்டாங்கண்ணே.”

“நான் முழுங்கினது நெஜமா, மாவா?”

“எல்லாம் முடிஞ்சப்புறம்தான் யாருக்கு எதுன்னு பிரிச்சுப் பாப்பாங்க.”

“சரிம்மா,” என்றார், பஸ் போய்விட்டது என்று யாரோ சொன்னதைப் போல.

சில நாள் கழித்து அதே வாடிக்கைக்காரர் வந்து உட்கார்ந்தார். “இப்ப நாறலையே! விட்டுட்டியா?”

“விட்டாச்சு.”

“இன்னிக்காவது ரெண்டு கன்னத்தையும் முடிச்சு அனுப்புவியா?”

“பாக்கலாம் சார்,” என்று சொல்லி, நுரையை ஒரு கன்னத்தில் மட்டும் தடவினார்.